ஒழுகும் கூரையும் உரிமைக் கடிதமும்

மழைக்காலம் வந்துவிட்டால் மாடமாளிகையில் வாழ்வோர் சாரலின் அழகைக் கண்டு களிப்பர். வாடகை வீட்டில் வாழ்வோரோ, கூரையின் எந்த மூலையில் நீர் சொட்டுகிறதென்று தேடிப் பார்த்துப் பாத்திரம் வைப்பர். சுவரில் ஈரம் பூக்கும்; சன்னல் சட்டம் உளுத்துப் போகும்; சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும். குடியிருப்பவர் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவார். "ஐயா, தயவு கூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று பணிவோடு எழுதுவார். பதில் வராது. மறுபடியும் எழுதுவார். அதற்கும் பதில் வராது. ஆனால் மாதம் பிறந்ததும் வாடகை கேட்க ஆள் மட்டும் தவறாமல் வருவார்!

கண்டு பழகிவிட்ட காட்சி இது. பழகிவிட்டதாலேயே, இதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னர்களின் போர்களுக்கு வரலாறு உண்டு, மணிமுடிகளுக்கு வரலாறு உண்டு, ஒழுகும் கூரைக்கு ஏதய்யா வரலாறு என்று கேட்போர் இருக்கக் கூடும். உண்டு என்கிறோம் நாம். அந்த எளிய கடிதத்துக்கு மதிப்பு வருவதற்காக மக்கள் நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடியிருக்கிறார்கள், வாக்களித்திருக்கிறார்கள், வாடகை மறுத்துத் தெருவில் நின்றிருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள்.

அந்த வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே. கடிதத்துக்கு வலிமை தருவது அதில் உள்ள சொல்லழகு அன்று. எழுதியவரின் கண்ணீரும் அன்று. மூன்று பொருள்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். பெறுபவர்மீது சட்டம் சுமத்தும் கடமை ஒன்று. எழுதியவரை வீட்டைவிட்டு விரட்டாமல் தடுக்கும் காப்பு மற்றொன்று. இத்தனை நாளுக்குள் செய்தாக வேண்டும் என்ற கெடு மூன்றாவது. கடமை, காப்பு, கெடு — இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடிதம் வெறும் காகிதமே.

வீட்டு வாடகை பற்றிய நம் நாட்டுச் சட்டங்களுக்கு மூலம் இங்கிலாந்து நாட்டு நீதிமுறை. ஆகவே வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவோம்.

மூட்டைப்பூச்சியும் நீதியும்

1843-ஆம் ஆண்டு. லண்டனில் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தின் முன் இரண்டு வழக்குகள் வந்தன. இரண்டிலும் குற்றவாளி ஒருவரே — மூட்டைப்பூச்சியார்!

முதல் வழக்கில் குடியிருந்தவர் சர் தாமஸ் மாரபிள் என்னும் பட்டம் பெற்ற பெருமகன். கடற்கரை நகரான பிரைட்டனில், கட்டில், நாற்காலி, திரைச்சீலை எல்லாம் அமைந்த ஒரு வீட்டை வாரத்துக்கு 8 கினி வாடகையில் சில வாரங்களுக்கு அமர்த்திக்கொண்டார். குடும்பம் குடியேறிற்று, பூச்சிகளும் வரவேற்றன. பொறுக்க முடியாமல் சில நாட்களிலேயே வீட்டைக் காலி செய்தனர். எஞ்சிய வாடகையைக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? தட்டுமுட்டுச் சாமான்களுடன் வாடகைக்கு விடப்படும் வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும், தக்கதாக இல்லாவிட்டால் குடியிருப்பவர் வெளியேறலாம் என்று சொல்லிற்று. நன்று!

அதே ஆண்டில் வந்தது இரண்டாவது வழக்கு. ஹார்ட் எதிர் வின்சர் என்பது அதன் பெயர். இங்கும் மூட்டைப்பூச்சிதான். ஆனால் இது தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வெறும் வீடு. நீதிபதி பார்க் தீர்ப்பளித்தார். நிலத்தையோ வீட்டையோ வாடகைக்கு விடுபவர், அது குடியிருக்கத் தக்கது என்று எந்த உறுதியும் கொடுத்தவராகக் கருதப்பட மாட்டார், பூச்சி கடித்தாலும் வாடகை கொடுத்தே தீர வேண்டும் என்றார்.

கடித்த பூச்சி ஒரே இனம். கடிபட்ட உடம்பும் ஒரே இனம். நீதி மட்டும் இரண்டு! கட்டிலோடு வீடு எடுக்கும் செல்வருக்கு ஒரு நீதி. கட்டிலைத் தானே சுமந்து வரும் எளியவருக்கு மற்றொரு நீதி.

இந்த வேறுபாட்டுக்கு அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் காட்டிய காரணம் பழங்காலத்திலிருந்து வந்தது. குத்தகை என்றால் நிலக் குத்தகை. உழவன் எடுப்பது மண்ணை. மண்ணின்மீது நிற்கும் குடிசை அவனுக்கு ஒரு துணைப்பொருள். கூரை ஒழுகினால் வைக்கோல் வேய்ந்துகொள்ள அவனுக்குத் தெரியும். எனவே செப்பனிடும் பொறுப்பு குத்தகைக்காரன் தலைமீதே இருந்தது. மேலும், வாடகை கொடுக்கும் கடமை ஒரு தண்டவாளம், வீட்டுக்காரர் கொடுத்த வாக்கு மற்றொரு தண்டவாளம். இரண்டும் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வீட்டுக்காரர் வாக்குத் தவறினாலும் வாடகையை நிறுத்த முடியாது.

உழவனின் குடிசைக்குப் பொருந்திய விதியை, ஆலைப் புகை சூழ்ந்த நகரத்தின் நான்காவது மாடிக்குப் பொருத்தினார்கள். அங்கே குடியிருக்கும் நெசவாலைத் தொழிலாளி எந்த வைக்கோலைக் கொண்டு எந்தக் கூரையை வேய்வது? அவன் தலைக்குமேல் இருப்பது வேறொருவனின் தரை. அவன் சுவருக்குள் ஓடுவது பத்துக் குடும்பங்களின் சாக்கடை. இருபது ஆண்டுகள் கழித்து, 1863-இல், இங்கிலாந்து நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகவே கூறிவிட்டது: ஏமாற்று இல்லாதவரை, இடிந்து விழும் வீட்டை வாடகைக்கு விடுவதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை!

அக்காலத்தில் குடியிருந்தவர் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம் வெறும் பிச்சைப் பாத்திரம். போட்டால் பெறலாம், போடாவிட்டால் கேட்க உரிமை இல்லை.

கடமை பிறந்த கதை

சட்டம் தானாகக் கண் திறப்பதில்லை. திறக்க வைக்க வேண்டும். 1883-இல் லண்டன் ஏழைகளின் குடியிருப்பு அவலத்தை விவரித்து, ஆண்ட்ரூ மேர்ன்ஸ் என்னும் சமயப் பணியாளரின் பெயரோடு இணைந்த ஒரு சிறு வெளியீடு வந்தது. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு, தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஆராய, சர் சார்லஸ் டில்க் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைந்தது. பட்டத்து இளவரசரே அதில் ஓர் உறுப்பினர்.

அக்குழு கண்ட உண்மைகளில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. லண்டனின் கிளார்க்கன்வெல் வட்டாரத்தில், சுகாதாரக் கேட்டைத் தடுக்க வேண்டிய உள்ளூர் மன்றத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர், கேடான வீடுகளை வாடகைக்கு விட்டுப் பணம் குவித்தவர்களே! பால் காவலுக்குப் பூனை! பழுது பற்றிய முறையீட்டை யாரிடம் கொடுப்பது? பழுதுக்குக் காரணமானவரிடமே கொடுக்க வேண்டும். அவரே அதைப் படித்துவிட்டு மடித்து வைப்பார்.

1885-இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்தது. குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடு, விடப்படும் நாளில் மனிதர் வாழத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓர் அடி வைத்தது. குடியேறும் நாளில் மட்டுமன்றி, குடியிருக்கும் காலம் முழுவதும் வீட்டைத் தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் அன்று. லண்டனில் ஆண்டு வாடகை 40 பவுனுக்கும், சிற்றூர்ப் பகுதிகளில் 16 பவுனுக்கும் மேற்படாத வீடுகளுக்கு மட்டுமே.

கடமை பிறந்துவிட்டது. கடிதத்தின் வேலை தீர்ந்துவிட்டதா? இல்லை. அப்போதுதான் தொடங்கிற்று.

ஒரு கயிறு, இரண்டு தீர்ப்பு

இங்கிலாந்து வீடுகளில் மேலும் கீழும் ஏறி இறங்கும் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. சன்னல் சட்டத்தின் இருபுறமும் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் எடைக்குண்டு தொங்கவிட்டிருப்பார்கள். கயிறு நல்ல நிலையில் இருந்தால் சன்னல் விரலுக்குப் பணியும். கயிறு அறுந்தாலோ, கனத்த சட்டம் வெட்டுக்கத்திபோல் இறங்கும்.

லிவர்பூல் நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமான வீடொன்றில் குடியிருந்த ஒருவரின் கைமீது அவ்வாறே இறங்கிற்று. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1927-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கிருந்த நீதிபதி அட்கின் நல்லதோர் அளவுகோலை வகுத்தார். ஒரு வீட்டைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போதே குடியிருப்பவர் உடலுக்கு ஊறு நேருமானால், அந்த வீடு வாழத் தக்கதன்று என்றார். அளவுகோல் நல்லதுதான்; ஆனால் கை நசுங்கியவர் தோற்றார். காரணம்? கயிறு பழுதென்று வீட்டுக்காரருக்கு அவர் முன்னதாக அறிவிக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவர் நீர், பழுது உமக்குத்தான் தெரியும், தெரிவிக்காதபோது வீட்டுக்காரர் கடமை தவறினார் என்று எப்படிச் சொல்வது என்றது நீதிமன்றம்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1943-இல் சால்போர்டு நகரத்திலிருந்து ஒரு வழக்குப் பிரபுக்கள் சபைவரை சென்றது. மறுபடியும் சன்னல், மறுபடியும் கயிறு, மறுபடியும் நசுங்கிய கை. படுக்கையறையில் இருந்தது ஒரே சன்னல். அதன் ஒருபுறக் கயிறு அறுந்ததும் குடியிருந்த பெண்மணி வீட்டுக்காரரின் ஆளிடம் அதைத் தெரிவித்துவிட்டார். யாரும் வந்து பார்க்கவில்லை. பின்னர் ஒருநாள் சன்னலைத் துடைக்கும்போது மறுபுறக் கயிறும் அறுந்து அவர் கை சிக்கிக்கொண்டது. பிரபுக்கள் சபை அட்கின் வகுத்த அளவுகோலை ஏற்று, அந்தப் பெண்மணியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சன்னல்தானே, ஒரு கயிறுதானே என்று கூறித் தப்ப வழியில்லாமற் போயிற்று.

ஒரே வகைக் கயிறு; ஒரே வகைக் காயம். ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார். வேறுபாடு எங்கே? முன்கூட்டிச் சொன்ன ஒரு சொல்லில்! கடமை என்னும் பூட்டைச் சட்டமன்றம் செய்து வைத்தது. அதைத் திறக்கும் சாவி குடியிருப்பவர் கையில் இருக்கும் அறிவிப்பு. இந்த விதியைப் பிரபுக்கள் சபை பின்னர் மீண்டும் உறுதிப்படுத்தியது.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் கடமையை மேலும் விரிவாக்கிற்று. ஏழாண்டுக்குக் குறைந்த குத்தகையாக இருந்தால், வீட்டின் கட்டமைப்பு, வெளிப்புறம், சாக்கடை, கூரைத் தூம்பு, தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பறை, வீட்டைச் சூடேற்றும் அமைப்பு ஆகியவற்றைச் செப்பனிடுவது வீட்டுக்காரரின் வேலையே என்று தெளிவாகக் கூறிற்று. குடியிருப்பவர் தலைமீது ஒப்பந்தத்தால் அப்பொறுப்பைத் தள்ளிவிடும் தந்திரமும் பலிக்காமற் போயிற்று. 1985-இல் வந்த சட்டத்தில் இவ்விதி மறுபடி இடம் பெற்று, இன்றும் நடப்பில் இருக்கிறது.

எனினும் சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கவில்லை. 1968-இல் ஒரு வீட்டில் படுக்கையறையின் மேல்தளப் பூச்சு இடிந்து, கீழே இருந்தவர்கள்மீது விழுந்தது. வழக்கு 1973-இல் பிரபுக்கள் சபையில் முடிந்தது. பழுது மறைவானது, வீட்டுக்காரருக்குத் தெரியாது, குடியிருந்தவருக்கும் தெரியாது. ஆகவே வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ந்தது. தலைமேல் விழும்வரை தெரியாத பழுதுக்கு யார் எப்படிக் கடிதம் எழுதுவது? சட்டத்தின் தருக்கம் நேராக இருக்கலாம். விழுந்த தளமோ நேரே தலைமீதுதான் விழுந்தது.

எழுதியவரைத் துரத்தினால்?

சட்டம் தெரிந்த நண்பர்கள் கூறுவர்: "எழுதினால்தானே உரிமை? எழுத வேண்டியதுதானே?" எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள்! ஏழை ஏன் எழுதுவதில்லை? எழுத்தறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அச்சம். "வீடு பிடிக்கவில்லையா? வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேனாக்களை மூடியிருக்கிறது! கடமை இருந்தும் காப்பு இல்லையென்றால், உரிமைக் கடிதமே வெளியேற்றும் ஓலையாகிவிடும்.

இந்தக் காப்புக்கான போராட்டம் கூர்மையாக நடந்த இடம் அமெரிக்கா. அதை நடத்தியவர்களில் முன்னின்றவர்கள், வீடு தேடும்போது நிறத்தைக் காரணம் காட்டிக் கதவடைக்கப்பட்ட நீக்ரோ மக்கள் என்று அக்காலம் அழைத்த கறுப்பின மக்கள். அவர்களுக்கு நல்ல தெருக்களில் வீடு கிடைப்பதில்லை, கிடைத்த தெருவில் வாடகை குறைவதில்லை, செப்பனிடுவாரும் இல்லை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 1963-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஜெஸ்ஸி கிரே என்பவரின் தலைமையில் குடியிருப்போர் வாடகை மறுப்புப் போர் தொடங்கினர். வெந்நீர் இல்லை; சூடேற்றும் அமைப்பு இயங்கவில்லை; எலிகள் குழந்தைகளைக் கடித்தன. எழுதிய முறையீடுகள் எங்கோ உறங்கின. ஆகவே அவர்கள் வேறொரு வகையான "கடிதம்" கொண்டு சென்றார்கள். வழக்கு நடந்த நாளில் செத்த எலிகளையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தனர்! வாடகையை வீட்டுக்காரர் கையில் கொடாமல் நீதிமன்றத்திலேயே கட்டலாம் என்று நீதிபதி இசைந்தார். செய்தி பரவிற்று, கட்டிடத்துக்குக் கட்டிடம் மறுப்புப் போர் பரவிற்று.

தலைநகர் வாஷிங்டனில் மற்றொரு வழக்கு. 1965-இல் எட்வர்ட்ஸ் என்னும் பெண்மணி மாதக் குடியிருப்பு முறையில் ஒரு வீட்டை எடுத்தார். வீட்டின் கேடுகளை நகர அதிகாரிகளிடம் முறையிட்டார். அதிகாரிகள் வந்து பார்த்து நாற்பதுக்கு மேற்பட்ட விதிமீறல்களைக் கண்டனர். அவற்றைச் சரிசெய்ய ஆணையிட்டனர். வீட்டுக்காரர் என்ன செய்தார்? பெண்மணிக்கு முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யச் சொன்னார்! மாதக் குடியிருப்பை முடிக்க வீட்டுக்காரர் காரணம் காட்ட வேண்டியதில்லை என்பது பழைய சட்டம். 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்தப் பழைய சட்டத்துக்கு ஓர் எல்லை வரைந்தார். காரணமில்லாமல் குடியிருப்பை முடிக்கலாம். ஆனால் முறையிட்டதற்குப் பழிவாங்கும் காரணத்துக்காக முடிக்கக் கூடாது என்றார். முறையிட்டவரைத் துரத்த அனுமதித்தால், முறையிடுவோர் எவரும் இரார். முறையிடுவோர் இல்லையென்றால் வீட்டு விதிகள் வெறும் அச்சுத்தாள் ஆகிவிடும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970-இல், அதே நீதிபதி 1843-இன் வேரையே வெட்டினார். வாஷிங்டனின் கிளிப்டன் டெரஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகை கொடாதோரை வெளியேற்ற வழக்கு வந்தது. கட்டிடத்தில் ஏறத்தாழ 1,500 விதிமீறல்கள் இருப்பதாகக் குடியிருந்தோர் காட்டினர். நகரவாசி வாடகைக்கு எடுப்பது மண்ணை அன்று. சுவர், கூரை, வெளிச்சம், காற்று, வெப்பம், தண்ணீர், கழிநீர் வசதி ஆகிய எல்லாம் சேர்ந்த வாழ்விடத்தையே அவர் விலை கொடுத்து வாங்குகிறார். விற்றவர் பொருளைச் சரியாகக் கொடாவிட்டால் முழு விலையையும் கேட்க முடியாது என்று நீதிபதி ரைட் தீர்ப்பளித்தார். தண்டவாளங்கள் இரண்டும் சந்தித்தன. பின்னர் அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை இந்தக் கருத்தை ஏற்றன.

இங்கிலாந்தில் இந்தக் காப்பு மிகத் தாமதமாகவே வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் காரணம் காட்டாமலே குடியிருப்பவரை வெளியேற்ற வழி திறந்துவிட்டிருந்தது. 2015-இல் ஒரு சிறு தடுப்புக் கட்டினார்கள். குடியிருப்பவர் பழுதுபற்றி எழுத்து மூலம் முறையிட்டிருக்க வேண்டும். 14 நாட்களுக்குள் வீட்டுக்காரர் தக்க மறுமொழி தராதிருக்க வேண்டும். நகராட்சி வந்து பார்த்துச் செப்பனிட ஆணை பிறப்பித்திருக்க வேண்டும். இத்தனையும் கூடினால், ஆறு மாதத்துக்குக் காரணமற்ற வெளியேற்றம் செல்லாது. கடிதம் என்ற சொல் சட்டத்தின் நடுவிலேயே வந்து அமர்ந்துவிட்டதைக் காண்கிறோம். காரணமற்ற வெளியேற்றத்தையே ஒழிக்கும் சட்டம் 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்றது. 2026 மே முதல் நாளை அதன் தொடக்கமாகக் குறித்தனர்.

எழுதியும் இறந்த குழந்தை

கடமை உண்டு, காப்பு உண்டு. இனி என்ன குறை என்று கேட்கலாம். இரண்டு குறைகள் இருந்தன.

முதற்குறை ஓர் எண்ணில் ஒளிந்திருந்தது. வாழத் தக்க வீடு என்ற பழைய நிபந்தனைக்கு வாடகை உச்சவரம்பு இருந்ததல்லவா? அதை 1957-இல் லண்டனில் ஆண்டுக்கு 80 பவுன், பிற இடங்களில் 52 பவுன் என்று வைத்தார்கள். வைத்தவர்கள் அதை மறந்தார்கள். வாடகை பத்து மடங்காயிற்று, நூறு மடங்காயிற்று, வரம்பு நகரவில்லை. வாரம் ஒரு பவுனுக்கு வீடு எங்கே கிடைக்கும்? சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்த உரிமை, நாட்டில் செத்துக் கிடந்தது. பாராளுமன்ற உறுப்பினர் காரன் பக் கொண்டுவந்த திருத்தம் 2015-இல் நிறைவேறாமல் போயிற்று. 2018-இல் நிறைவேறி, 2019 மார்ச்சிலிருந்து நடப்புக்கு வந்தது. அறுபது ஆண்டு உறக்கம் அப்போதுதான் கலைந்தது.

இரண்டாவது குறைக்கு விலையாக ஒரு குழந்தையின் உயிர் போயிற்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூக வீட்டுவசதி அமைப்பொன்றின் குடியிருப்பில், சூடான் நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாழ்ந்தது. சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் பூஞ்சணம். தந்தை 2017-இலேயே முறையிட்டார். வண்ணம் பூசி மறைத்துக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 2020-இல் வழக்கறிஞர் மூலமும் முறையிட்டனர். பூஞ்சணம் நீங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர்களது குழந்தை அவாப் இஷாக், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், மூச்சுத்திணறி இறந்தான். வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார்.

இங்கே முறையீடு இல்லாமற் போகவில்லை. தந்தை வாய் மூடி இருக்கவில்லை. சாவி பூட்டில் நுழைந்தது; திரும்பவும் செய்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து வரவில்லை. ஏன்? எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு விதிக்கவில்லை! "தக்க காலத்துக்குள்" என்றிருந்தது சட்டம். யாருக்குத் தக்க காலம்? கோப்புக்கா, குழந்தையின் நுரையீரலுக்கா?

நாடு நாணித் தலைகுனிந்தது. 2023-இல் வந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் அக்குழந்தையின் பெயராலேயே மக்கள் வழங்கும் ஒரு பிரிவு சேர்ந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அது நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்தானால் 24 மணி நேரத்துக்குள் செயற்பட வேண்டும். கேடு தரும் ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்தபின் 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். கடமைக்கும் காப்புக்கும் பின், கெடு பிறந்தது. ஒரு சிறுவனின் கல்லறைமீது பிறந்தது.

நம் வீட்டுச் சட்டம்

இனி நம் பக்கம் திரும்புவோம். இங்கிலாந்து நீதிபதிகள் வகுத்த முறை, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அதன் 108-ஆம் பிரிவில் குடியிருப்போருக்கு ஒரு சிறு படைக்கலம் இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட செப்பனிடுதலை, அறிவிப்புக் கொடுத்தபின் தக்க காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கவனியுங்கள்: "அறிவிப்புக் கொடுத்தபின்". சாவி இங்கேயும் கடிதமே. "கடமைப்பட்ட" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அக்கடமை எழுதப்படாதிருந்தால், படைக்கலம் உறையிலேயே கிடக்கும்.

பின்னர் 1960-இல் சென்னை மாநிலத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. கட்டிடத்தின் உறுப்புகளைச் செப்பனிடுவது போன்ற பெரிய வேலை வீட்டுக்காரருக்கு, குழாயின் வாஷரை மாற்றுவது போன்ற சிறு வேலை குடியிருப்பவருக்கு என்று பட்டியலிட்டும் காட்டுகிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்தில்லாமல், வாய்ச்சொல்லிலேயே முன்பணம் கொடுத்து, வாய்ச்சொல்லிலேயே குடியேறி, வாய்ச்சொல்லிலேயே வெளியேறும் குடும்பங்கள் எத்தனை! எழுத்தில்லாத குடியிருப்பில் எழுதும் கடிதம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

வீட்டுக்காரரெல்லாம் கொடியவர் என்று நாம் கூறவில்லை. ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு சிறு வீடு கட்டி, அதன் வாடகையில் மருந்து வாங்கும் முதியோரும் வீட்டுக்காரரே. அவர்களுக்கும் தெளிவான கடிதம் நன்மையே செய்கிறது. இன்று பத்து ஓட்டை மாற்றினால் தீரும் பழுது, இரண்டு மழைக்குப் பின் உத்திரத்தையே மாற்றச் சொல்லும். சொன்னவர் பகைவர் அல்லர்; சொல்லாதவர் நண்பரும் அல்லர்.

ஆகவே எழுத வேண்டும். கெஞ்சி எழுத வேண்டியதில்லை. மிஞ்சி எழுதவும் வேண்டியதில்லை. நாளைக் குறித்து, எந்த அறையில் எந்தச் சுவரில் எப்போதிலிருந்து என்ன பழுது என்று தெளிவாகக் காட்டி, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டுமென்று கேட்டு, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்குச் சான்று பெற்று எழுத வேண்டும். நசுங்கிய இரு கைகளில் ஒன்று தோற்றதும் ஒன்று வென்றதும் இந்த ஒரு வேறுபாட்டினால்தான் என்பதை வரலாறு காட்டிவிட்டது.

ஆனால் தனி மனிதரின் கடிதத்தோடு நம் வேலை முடிந்துவிடாது. ராச்டேல் தந்தையும் முறையிட்டார் அல்லவா? எழுதுவது குடியிருப்பவர் கடமை. எழுதியவரைக் காப்பதும், படிப்பவருக்குக் கெடு வைப்பதும் நாட்டின் கடமை. ஒழுகும் கூரையைத் தலைவிதி என்று ஏற்றிருந்தால் 1843-இன் தீர்ப்பே இன்றும் நின்றிருக்கும். அதை அசைத்தவர்கள் மாமன்னர்கள் அல்லர். கை நசுங்கிய ஒரு பெண்மணியும், துரத்தப்பட்ட ஒரு பெண்மணியும், செத்த எலியைத் தூக்கிச் சென்ற ஹார்லெம் மக்களும், மகனைப் புதைத்த ஒரு தந்தையும் தாயுமே. அவர்கள் அளவுக்கு இழந்தபின்தான் நமக்கும் நீதி வரவேண்டும் என்பதில்லை. 24 மணி, 10 நாள், 5 நாள் என்று எண்ணிச் சொல்லும் சட்டத்தை, ஒரு குழந்தையின் பெயரை அதற்குச் சூட்ட நேரும் முன்பே நாம் கேட்டுப் பெறலாம். கேட்போம்.